பாலை நிறுத்தியவள்

என் தம்பி விஜயபாண்டியின் மனைவி சுகந்திக்கு அம்மா கிடையாது. அதனால் அவளுடைய தலைப்பிரசவத்தை நானே பார்த்தேன். பரளச்சியில் எங்கள் வீடு அவர்களுக்கு அடுத்த தெருதான். பத்தியச் சோறு, பிள்ளைக்குக் குளிக்க ஊற்றுவது, சாம்பிராணி போடுவது என்று எதிலும் குறை வைக்கவில்லை. "ஈஸ்வரி மாதிரி நாத்தனா யாருக்கு வாய்க்கும்" என்று தெருவே பேசியது. அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறிவிட்டது.

பத்தாம் நாளே சுகந்தி, வலது கை மரத்துப்போகிறது என்றாள். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் எறும்பு ஊர்கிறதாம். தூக்கத்தில் எழுந்து கையை உதறுவாள். "பச்ச ஒடம்போட பச்சத்தண்ணியில கைய விட்டுருப்ப" என்று ஏசினேன். அவள் தண்ணீர்ப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டதே நான்தான். ஆனாலும் ஏசினேன்.

இருபத்தைந்தாம் நாள், வெந்நீர்ச் செம்பு அவள் கையிலிருந்து நழுவி, படுத்திருந்த பிள்ளைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவன்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. நான்தான் சாமி வந்தவள் போல ஆடினேன்.

"செம்பு நிக்காத கையில பிள்ள நிக்குமா?" என்று கேட்டு, அவனை வாரிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் பின்னாலேயே வந்தாள். "தூக்க மாட்டேன் மதினி. மடியில போட்டுக்கிட்டுப் பால் மட்டும் குடுக்குறேன்."

நான் காதில் வாங்கவில்லை. புட்டிப்பால் பழக்கினேன். பால் கட்டி அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லி, அவள் மார்பில் வைத்து நானே கட்டினேன். நான்கு நாளில் பால் வற்றியது. அதன்பிறகு அவள் தினமும் என் வீட்டுக்கு வந்து, விருந்தாளி போல உட்கார்ந்து, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

எட்டு மாதமாகியும் கை தேறவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரம்மா ஊசி குத்தாமல் லேசரிலேயே அக்குபஞ்சர் செய்கிறார் என்று தம்பி கேள்விப்பட்டு வந்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் சுகந்தியோடு பஸ் ஏறினேன்.

"மணிக்கட்டுக்குள்ள நரம்பு அமுங்குதும்மா. பிரசவத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்குத் தானாவே போயிரும், உங்களுக்குத் தங்கிருச்சு" என்றார் டாக்டரம்மா. எங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பேனா போன்ற கருவியை அவள் மணிக்கட்டில் ஒவ்வோர் இடமாக வைத்து எடுத்தார். சுடவுமில்லை, குத்தவுமில்லை. "இதுல கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாப்போம். தூங்கும்போது மணிக்கட்டுக்குப் பட்டையும் போடணும். பால் குடுக்குறீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏன்? பட்டையக் கட்டிக்கிட்டு, படுத்தபடியே குடுத்திருக்கலாமே. யாரு நிறுத்தச் சொன்னது?"

நான் குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்தேன்.

"நானாத்தான் நிறுத்துனேன்" என்றாள் சுகந்தி, என் பக்கம் திரும்பாமலே.

அவள் என்னைக் கைகாட்டியிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன். அவள் அதற்கும் வழி வைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்க நான்கைந்து முறை வாயெடுத்தேன். கேட்கவில்லை. பெரியவள் என்கிற வீம்பு.

பத்துத் தடவை போய்வந்தோம். லேசர் கேட்டதோ, பட்டை கேட்டதோ, நாள்பட்டுத் தானாகவே சரியானதோ, விரல்களுக்கு உணர்வு வந்துவிட்டது. கடைசி நாள் அவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் சுகந்தி இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையைக் கேட்டாள். அவன் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிரித்து வாங்கினாள். யாரோ பிடித்துக்கொண்டு போவது போல அலறி, என் பக்கமே சாய்ந்தான். என் கை தானாக நீண்டது.

"விடுங்க மதினி" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க. அவன் என்னயத் தேடணும்."

பிள்ளையை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த தெருவிலிருந்து அவன் அழுவது என் வீடுவரை கேட்டது. அழுதழுது விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஓய்ந்தான். அவள் தோளிலேயே தூங்கியிருக்க வேண்டும். பாவம் செய்தவள் அதில் நிம்மதி அடைந்திருக்க வேண்டாமா? நானோ, தம்பி அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, "முடியலக்கா, நீயே வச்சுக்க" என்று சொல்லமாட்டானா என்று வாசலிலேயே நின்றிருந்தேன். யாரும் வரவில்லை.