ஒரு பானைச் சோறு வேகும் தூரம்

"உங்க ஊர்ல படகுக்குப் பூசுற கறுப்புக் கீல் எங்கேயிருந்து வருது?" என்று முசியே வெர்ஷேர் என்னிடம்தான் கேட்டார். நாலாம் வகுப்போடு பாதிரியார் பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தும் மனம்போலோ ஆற்றங்கரையில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஜீவன் நான்தான்.

முசியே மடகாஸ்கர் மண்ணுக்கடியில் எண்ணெய் தேடி வந்த பிரெஞ்சுக்காரர். கீல் ஊறும் இடத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கும் என்பது அவர் கணக்கு. கூடவே இருபது சுமைகூலிகள், ஒரு துளைபோடும் இயந்திரம், பதினொரு பெட்டி நிறையக் கல். எங்கள் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் கல்லைச் சுமந்துகொண்டு வந்தார். படித்தவர்.

கீல் ஊறும் குழி எங்கள் கல்லறைகளை ஒட்டி இருக்கிறது. போன வருடம் அம்மாவை அங்கேதான் வைத்தோம். எண்ணெய் கிடைக்கும் இடத்தில் கல்லறைகள் இருந்தாலும் நகர்த்திவிடலாம், குடும்பத்துக்கு ஒரு துண்டுத் துணியும் ஒரு புட்டி ரம்மும் தரக் கம்பெனி தயார் என்று முசியே முதல் நாளே அறிவித்துவிட்டார். தாராள மனசு.

கல்லறைகளைக் காப்பவர் என் மாமா லஹிமேனா. நம் வீட்டில் சாப்பிட்ட விருந்தாளியிடம் பொய் சொல்வது எங்களுக்கு விலக்கு. முசியேவோ மூன்று முறை சாப்பிட்டிருந்தார். எனவே மாமா உண்மையையே சொன்னார்.

"ஆத்த ஒட்டி மேல போகச் சொல்லு. ஒரு பானை சோறு வேகுற தூரம்."

நான் மொழிபெயர்த்ததும் முசியே விழுந்து விழுந்து சிரித்தார். "சோறா? நிமிஷக் கணக்குல எவ்வளவு?"

"வேணும்னா உலை வச்சுப் பாக்கச் சொல்லு" என்றார் மாமா.

விஞ்ஞானி அல்லவா, உடனே தன் சமையல்காரர் ரயினிவெலுவைக் கூப்பிட்டு உலை வைக்கச் சொல்லி, பைக்கடிகாரத்தைத் திறந்தார். மலைநாட்டுக்காரரான ரயினிவெலுவிடம் இருந்தது ஒரே பானை, இருபது கூலிகளுக்கு வடிக்கும் அண்டா. விறகு வேறு மழையில் ஊறிக் கிடந்தது.

"என்னய்யா, சோறு வேகுதா, முசியேவோட கல்லு வேகுதா?" என்று மாமா அவரைச் சீண்டினார்.

"உங்க ஊர் விறகோட யோக்கியதை அப்படி, பெரியவரே. எங்க ஊர்னா இந்நேரம் சாப்பிட்டுக் கையே கழுவியிருப்போம்."

இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. முசியே அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். எங்கள் அடுப்பில் அரை மணி. சொல்லிவிடலாமா என்று மாமாவைப் பார்த்தேன்.

"கடியாரமே சொல்லிருச்சு. உன்னை யாரு கேட்டா, மருமகளே?"

யாரும் கேட்கவில்லை. வாய் செத்தவளாக இருப்பதில் எனக்கு முதல்முறையாக ஒரு லாபம்.

மறுநாள் முசியே கல்லறைகளுக்குப் பக்கத்தில் நின்று, அவற்றின் மேல் மரத்தில் செதுக்கி வைத்திருந்த பறவைகளைப் படம் வரைந்தார். கீல் நாற்றம் தாங்காமல் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். பிறகு எண்ணெயைத் தேடி, மேற்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்தார்.

அங்கே மூன்று மாதம் தோண்டியதில் அருமையான குடிதண்ணீர் கிடைத்தது. அந்தப் பக்கத்து மாடுகள் கம்பெனிக்கு நன்றிக்கடன் பட்டவை. கம்பெனிக்கு மாடுகளின் அருமை தெரியவில்லை போலும், திரும்பி வரச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டது.

புறப்படுகிற அன்று முசியேவுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. சமைத்தது நான். படகுக்கு நேரமாகிறதா என்று அவர் கடிகாரத்தைப் பார்த்தபோது உலை வைத்தேன். அரை மணி கழித்து அவர் பார்த்தபோது இலையில் சோறு விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கீல் குழி அந்தக் கல்லறைக்கிட்டயா?" என்று மெல்லக் கேட்டார்.

இந்த முறை கேட்டுவிட்டார். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற மனிதரிடம் என்ன பொய் சொல்ல?

"ஆமா, முசியே. எங்கம்மாவும் அங்கதான் இருக்காங்க."

அவர் கை சட்டைப்பையில் இருந்த நோட்டுவரை போயிற்று. அங்கேயே நின்றது. ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த மாதமே நூறு கூலிகள் வருவார்கள்.

பிறகு கையை எடுத்து, இலையில் இருந்த சோறு முழுவதையும் தின்றார். எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, நோட்டைத் திறக்காமலே படகுக்கு நடந்தார்.