அரிசி இல்லாமல் குழைந்தது

1

இந்தக் கதையில் ஒரு கோழி வருகிறது. எழுதுகிற எனக்கு அதன் ருசி தெரியாது. மாதுங்காவில் வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற வீடு எங்களுடையது. கதையைச் சொன்னவர் எங்கள் ஆபீஸ் டிரைவர் கரீம் பாட்சா. தாராவியில் அவர் மனைவி சைனப், தன் அக்காள் மெஹராஜுக்கு ராத்திரிச் சாப்பாடு போட்ட கதை. சொல்லி முடித்ததும், "எழுதிராதீங்க சார்" என்றார். அந்த நிமிஷமே எழுதுவதென்று தீர்மானித்துவிட்டேன்.

2

தொடக்கம்: "சைனப் அடுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பொன்னிறமாக வெந்த..."

(அடித்துவிட்டேன். அவர்கள் இருப்பது ஒற்றை அறை. மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் நிற்கவேண்டும். கண்ணாடிக் கதவாம்! விளம்பரத்தைப் பார்த்துக் கதை எழுதினால் இப்படித்தான்.)

3

மறுபடியும் தொடங்குகிறேன். மூன்று வருஷத்துக்கு முன், நோன்புப் பெருநாளன்று தங்கை வைத்த பிரியாணியை ஒரு வாய் தின்ற மெஹராஜ், நாலு பேர் முன்னால் சொன்னாள்: "நோன்புதான் முடிஞ்சிட்டே புள்ள, இன்னும் கஞ்சி எதுக்கு?"

அதோடு பேச்சு நின்றது. அக்காள் இருக்கிற காட்கோபருக்கும் தாராவிக்கும் அப்படி என்ன தூரம்? அவள் வரவில்லை, இவள் கூப்பிடவில்லை. இந்த வருஷம் சைனப்புக்குத்தான் தாங்கவில்லை. பம்பாயில் தனக்கென்று இருப்பது அந்த ஒரு அக்காள்தான் என்று அழுது, ஆளனுப்பினாள். ஆனால் அரிசியைத் தொடமாட்டேன் என்றாள். கரீம் பாட்சா எங்கள் ஆபீஸ் பெரிய சாகிப் வீட்டுச் சமையல்காரரிடம் கேட்டு வந்தார். மக்ரோனியை வேகவைத்து, கோழி, பால், வெண்ணெய், டப்பா சீஸ் எல்லாம் கலந்து, தட்டில் பரப்பிச் சுடவேண்டும். ரொம்ப ஈஸியாம்.

(இங்கே மணத்தை வர்ணித்து ஒரு பத்தி. "அந்த மணம் ஏதோ..." ஏதோ என்றால் எது? வேண்டாம்.)

4

மக்ரோனி கொதித்தது. சைனப் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நசுங்கவில்லை. ஸ்டவ்வை ஏற்றினாள். நன்றாக மசிந்த பிறகுதான், பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்தாள்.

தட்டு பேக்கரிக்குப் போனது. பாவ் ரொட்டி சுட்டு முடித்த அடுப்புச் சூட்டில் தெருக்காரர்களின் தட்டுகளையும் வாங்கி வைப்பார்கள். திரும்பி வந்தபோது மேலே பொன்னிறம், கரண்டி விட்டால் உள்ளே களி.

எனக்குச் சிரிப்பு வந்தது. கரீம் பாட்சா சிரிக்கவில்லை.

5

மெஹராஜ் வந்தாள். ஒரு வாய் எடுத்து மென்றாள் (மெல்ல அதில் என்ன இருந்தது?), விழுங்கினாள். மக்ரோனியை அவள் அதற்குமுன் கண்டதேயில்லை என்பது கரீம் பாட்சாவின் கட்சி. தங்கை முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"இது எப்பிடி இருக்கணும் புள்ள?"

சைனப் பதில் சொல்லுமுன் புருஷனைச் சோடா வாங்க அனுப்பிவிட்டாள். அவர் திரும்பியபோது தட்டு காலி. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

6

முடிவு ஒன்று: "இப்பிடித்தான் லாத்தா." (லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்காள்.)

முடிவு இரண்டு: "குழைஞ்சு போச்சு லாத்தா." இருவரும் கட்டிக்கொண்டு...

இரண்டையும் என் மனைவி மீனாட்சியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"கேட்டவ என்ன, தெரியாமலா கேட்டா?"

அதோடு என் இரண்டு முடிவும் செத்தன. சைனப் என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவர்கள் உங்களுக்கும் இருப்பார்கள்.