சாவி இல்லாத சீர்ப்பெட்டி

காமாட்சியம்மாள் வீட்டில் ஒரு வழக்கம். வருகிற மருமகள் தன் சீர்ப்பெட்டியின் சாவியை முதல் நாளே மாமியார் கையில் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு பெட்டிக்குள் இருப்பது யாருடையது என்று வாய் திறக்கக் கூடாது. மூத்த மருமகளின் பட்டெல்லாம் ஒவ்வொன்றாக மகள் லோகாம்பாளின் இடுப்புக்கு ஏறிய கதை ஊருக்கே தெரியும்.

இளைய மருமகளாகப் போகவிருந்த ஏலவார்குழலி ஒருநாள் என் தச்சுப் பட்டறைக்கு வந்தாள். தன் கூறைப்புடவையைத் தானே தறியில் உட்கார்ந்து நெய்த பெண் அவள்.

"ஆசாரியாரே, மத்த சீரெல்லாம் போனா போவட்டும். இந்த ஒரு பொடவை மட்டும் லோகாம்பா கைக்குப் போவக்கூடாது. சாவியே இல்லாத பெட்டி செஞ்சி குடுப்பீங்களா?"

எனக்குக் கை துறுதுறுத்தது. வாலாஜாபாத் மிராசுதார் ஒருவர் சீமையிலிருந்து தருவித்த கதிரடிக்கும் இயந்திரமும் கலப்பையும் கரும்பாலையும் இரண்டே போகத்தில் பல்லிளித்துவிட, நான் அவற்றைப் பழைய இரும்பாக வாங்கிப் போட்டிருந்தேன். என் மனைவி எல்லம்மாள் அந்தக் குவியலில் கால் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் என்னை வாயார வாழ்த்துவாள்.

கதிரடியின் தேக்குப் பலகைகள் பெட்டியாயின. சீமைக் கலப்பையின் தகடுகளை வளைத்து மூலைகளில் அடித்தேன். கரும்பாலையின் பல்சக்கரத்தைப் பளபளவென்று தேய்த்து முன்பக்கம் பொருத்தினேன். அதைச் சுற்றினால் கடகடவென்று சத்தம் வரும், வேறொன்றும் நடக்காது. உண்மையான தாழை அடிப்பலகைக்குள் ஒரு முரட்டு இரும்புச் சுருள்வில்லோடு மறைத்துவிட்டேன். அந்தப் பலகையைக் காலால் ஓங்கி உதைத்தால்தான் மூடி எழும்பும்.

மஞ்சள் குங்குமம் வைத்த சீர்ப்பெட்டி மகாலட்சுமி அல்லவா? தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள். தெரிந்தே யார் உதைப்பார்கள்? குழலி முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணம் முடிந்தது. மாமியார் சாவி கேட்டபோது, "சாவியே கெடையாது அத்தை, சக்கரந்தான்" என்று குழலி பணிவாகச் சொல்லிவிட்டாள். லோகாம்பாள் தன் நாத்தனார் கல்யாணத்துக்கு அந்தக் கூறைப்புடவைதான் வேண்டுமென்று அடம்பிடித்த அன்றுதான் எனக்கு ஆள் வந்தது.

நான் போனபோது தாயும் மகளும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். குழலி சுவரோரமாகச் சாதுவாக நின்றிருந்தாள்.

"யோவ் பரமசிவம், நீ செஞ்ச பெட்டிதானே? தெற" என்றாள் காமாட்சியம்மாள்.

"சிக்கிக்கினு இருக்குதும்மா. சீமை இரும்பு, நம்ம ஊரு தண்ணி ஒத்துக்கல."

"அப்போ ரம்பத்தைப் போட்டு அறு."

குழலியின் முகம் வெளுத்தது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா மகாலட்சுமியை அறுக்கச் சொல்றீங்க. அந்தப் பாவம் யாருக்கும்மா?" என்றேன்.

காமாட்சியம்மாள் பயந்துவிட்டாள். ரம்பம் வேண்டாம் என்றாள். ஆனால் வந்த கோபம் எங்கேயாவது போக வேண்டுமே! "சனியனே!" என்று பெட்டியின் அடியில் ஓங்கி ஓர் உதை விட்டாள்.

மூடி தடாலென்று எழும்பியது. உள்ளே அரக்குப் பட்டு மின்னியது. நாங்களோ காமாட்சியம்மாளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

குழலி ஓடிவந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடியைச் சாத்தினாள். தாழ் விழுந்தது. "தெரியாம பட்டுடுச்சி அத்தை. நான் யாராண்டையும் சொல்லமாட்டேன்" என்றாள்.

லோகாம்பாளுக்குப் பட்டுதான் கண்ணில் நின்றது. "தெறந்துச்சேம்மா! இன்னொரு தபா ஒதைம்மா!"

"நீயே ஒதையேன்டி."

"ஐயோ, நான் மாட்டேம்மா. பாவம்!"

காமாட்சியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவம் எனக்கு, பட்டு ஒனக்கா?"

அந்தப் புடவையை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. என்னை வாசல்வரை வழியனுப்ப வந்த காமாட்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் கரும்பாலையில இன்னொரு சக்கரம் மிச்சம் இருக்குதாய்யா? எனக்கும் ரெண்டு நல்ல பொடவை இருக்குது."