இரண்டு செங்கல் உயரம்

பௌர்ணமிக்கு மறுநாள் சாயங்காலம் நானும் என் மனைவி தங்கமணியும் மண்கரையின் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் கடல் ஏறிக்கொண்டிருந்தது. மறுபக்கம், கடலைவிடத் தாழ்வாக, எங்கள் வீடும் அவளுடைய மிளகாய்ப் பாத்தியும் இருந்தன.

தீவு என்றால் கடலுக்கு மேலே நிற்கும் நிலம் என்றுதான் செந்தூல் ரயில்வே பட்டறையில் இருந்தவரை நினைத்திருந்தேன். கிள்ளானிலிருந்து சம்பான் படகில் ஒன்றரை மணி நேரம் வந்து இந்தத் தென்னந்தோட்டத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கடல் ஏறும்போது அதன் மட்டம் எங்கள் வாசற்படிக்கு மேலே போகும் என்று. சுற்றிலும் போட்ட மண்கரைதான் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. ஆனால் உள்ளே பெய்யும் மழையும் வெளியே போயாக வேண்டுமே. அதற்காகக் கரையின் அடியில் ஒரு மதகு. அதன் கடல் பக்க வாயில், மேலே கீல் வைத்து ஒரு பலகைக் கதவைத் தொங்கவிட்டிருப்பார்கள். கடல் இறங்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறினால் கடலே அதைத் தள்ளி மூடும். காவலாள் வேண்டாம், சாவி வேண்டாம். இதை முதலில் புரிந்துகொண்ட அன்று ராத்திரிச் சோற்றைக்கூட மறந்து தங்கமணிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

பழைய கதவு உளுத்துப்போனதால் புதிது மாட்ட ரயில்வே பட்டறையிலிருந்து ஒரு பிட்டர் வேண்டும் என்று தோட்டத் துரை கேட்டு, நான் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கூடவே வந்த தங்கமணி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தன் அக்கா கொடுத்த விதையில் அறுபது மிளகாய்ச் செடி போட்டாள். நான் கதவை மாட்டினேன். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். மயிரிழை சாயவில்லை. பட்டறையில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவனுக்கு அதில் ஒரு பெருமை.

அடுத்த பெரிய ஏற்றத்தில் கதவு ஒழுகியது. உப்புத் தண்ணீர் மதகு வழியாக உள்ளே வாய்க்காலில் ஏறிப் பாத்திக்குள் போனது. அறுபதில் மேட்டுப் பக்கமிருந்த பதினெட்டுச் செடிதான் மிஞ்சியது. தங்கமணி கருகிய செடிகளைப் பிடுங்கி, எண்ணாமல், ஒரு மூலையில் போட்டாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்போது அந்தப் பதினெட்டிலும் பூவும் பிஞ்சும் இறங்கியிருந்தன. கதவைக் கழற்றித் திருத்தி மாட்டியிருந்தேன். திருத்திய பிறகு வரும் முதல் பெரிய ஏற்றம் இன்றுதான். வாய்க்காலில் ஒரு குச்சியை நட்டுச் சிவப்புச் சாயக் கோடு போட்டிருந்தேன். கோட்டைத் தண்ணீர் தாண்டினால் பாத்தி போய்விடும்.

எங்களோடு தாவூத்தும் உட்கார்ந்திருந்தார். கிள்ளான் பாசாரிலிருந்து அரிசி, மண்ணெண்ணெய், துணி எல்லாம் சம்பானில் கொண்டுவந்து தீவில் விற்பவர். கடல் இறங்கத் தொடங்கியதும் அதன் போக்கிலேயே தெற்கே இருக்கும் கம்பத்துக்கு, மலாய்க்காரர் கிராமத்துக்கு, போய்விடுவார். அதுவரை அவருக்கு வேலையில்லை. அவர் கொண்டுவந்த மீனைத் தங்கமணி மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்திருந்தாள். கறுப்புத் தேநீர் ஒரு தகரக் குவளையில் கை மாறிக்கொண்டிருந்தது. காற்று நன்றாக இருந்தது.

"ஏண்ணே, ரயில ஓட வச்ச ஆளு. தண்ணிய நிக்க வைக்க முடியுமா உங்களால?" என்றார் தாவூத்.

"முடியாட்டி நீங்கதான் பாய் எங்கள ஏத்திக்கிட்டுப் போகணும். பதினெட்டுச் செடிக்கும் எடம் வேணும்" என்றாள் தங்கமணி.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கே கதவு 'டொக்' என்று மூடிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். திருத்துவதற்கு முன் அது அப்படிச் சத்தம் போட்டதே இல்லை. கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் ஒவ்வொரு சாணாக ஏறி, நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு இரண்டு முழம் கீழே வந்து நின்றது. மேற்கே சூரியன் இறங்கியது. கிழக்கே தென்னைகளுக்குப் பின்னால் நிலா வெளிச்சம் கட்டியது. ஏற்றம் அதன் உச்சிக்கு வந்து அசையாமல் இருந்தது.

தங்கமணி எழுந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்பக்கச் சரிவில் இறங்கினாள். வாய்க்காலுக்குள் கால் வைத்துக் குச்சியைக் குனிந்து பார்த்தாள். கோட்டுக்கு ஒரு முழம் கீழேதான் தண்ணீர் இருந்தது, எனக்கே தெரிந்தது. அவளுக்கு அது போதவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"உப்பில்ல" என்றாள். பிறகு இன்னொரு தடவை நனைத்துப் பார்த்தாள். "மழத் தண்ணிதான்."

அவள் மேலே ஏறி வந்து, தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் நானும் ஒரு துண்டை எடுத்தேன்.

எப்படிச் சரி செய்தேன் என்று தாவூத் கேட்டார். இதற்குத்தான் காத்திருந்தேன். தேநீர்க் குவளையைச் சாய்த்துப் பிடித்து, மீன் தட்டின் மூடியை அதன் வாயில் வைத்துக் காட்டினேன். நேராகத் தொங்கும் கதவு, மதகு வாயின் சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கடல் திரும்பும் நேரத்தில் அதை அழுத்த எதுவும் இல்லை. அந்த இடுக்கில் ஒரு நிப்பாப் பனை மட்டை வந்து மாட்டினால் போதும், பிறகு எவ்வளவு கடல் தள்ளினாலும் மூடாது. அதனால் சட்டத்தின் அடிப்பக்கம் கடல் பக்கமாகத் துருத்தி நிற்கும்படி சாய்வுக் கட்டை வைத்தேன். இப்போது கதவு தன் கனத்தாலேயே அதன் மேல் படுத்துக்கொள்கிறது.

"நல்ல மூளைண்ணே உங்களுக்கு" என்றார் தாவூத்.

தங்கமணி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என் மூளை இல்ல" என்றேன். "கோழிக்கூட்டுக் கதவும் மேலதான் தொங்குது. அது சரியா மூடலன்னு இவ கூட்டோட முன்பக்கத்து அடியில ரெண்டு செங்கல் வச்சுப் பின்னால சாச்சா. அதப் பாத்துத்தான் செஞ்சேன்."

"பாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ அந்தச் செங்கல எடுத்துப் போட்டாரு பாய், கூடு கோணலா இருக்குன்னு" என்றாள் அவள். "ரெண்டு குஞ்ச உடும்பு தூக்கிட்டுப் போச்சு."

தாவூத் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சம்பானை அவிழ்க்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வேலை முடிந்ததே, அடுத்த வாரம் கிள்ளானுக்குத் திரும்ப உங்களுக்கு இடம் வைக்கட்டுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கமணி, முதல் பறிப்பு முடியட்டும், அக்காவுக்கு ஒரு கூடை கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். கோழிகள் அடைந்திருந்தன. கூட்டின் கீழிருந்த செங்கல்களில் ஒன்று சற்றே விலகி, மற்றதற்கு நேராக இல்லாமல் இருந்தது. என் கை தானாக நீண்டது.

தங்கமணி நின்று பார்த்தாள்.

கையை மடக்கிக்கொண்டேன்.