வலப்பக்கம் இழுத்த படகு

அந்தப் படகில் போய் அக்கரையில் இறங்கிய யாராலும் இரண்டு வருஷமாக இடப்பக்கம் திரும்ப முடியவில்லை. படகுத்துறையில் கால் வைத்ததும் உடம்பு தானாக வலப்பக்கம் போகும். திரும்பி வந்து படகேறும் வரை அந்த இழுப்பு விடாது. இடப்பக்கத் தெருவில் குடியிருந்தவர்கள் தங்கள் வாசலைப் பார்த்தபடியே வலப்பக்கம் நடந்து போனார்கள். நாலு முறை வலப்பக்கமே திரும்பினால் வீடு வந்துவிடும் என்று கணக்கு வாத்தியார் கிளம்பினார். அரை மணி நேரத்தில் அதே படகுத்துறைக்கு வந்து சேர்ந்து, என் கணக்கு சரி, தெருவைத்தான் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். வசதி உள்ளவர்கள் வலப்பக்கம் வீடு பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் படகேறுவதையே விட்டுவிட்டார்கள்.

ஆற்றில் ஆளேற்றும் படகு அது ஒன்றுதான். அதை ஓட்டியவரைக் கடல் பார்க்காதவர் என்பதாலேயே ஊர் கேப்டன் என்று அழைத்தது. அவர் மனைவி மெக்கானிக். பம்பு, ஜெனரேட்டர், படகு என்ஜின் என்று எது படுத்தாலும் அவள் பட்டறைக்குத்தான் வரும். ஊரில் கோளாறின் காரணம் தெரிந்த ஒரே ஆள் அவள். அதனாலேயே அவளை யாரும் கேட்கவில்லை.

காரணம், என்ஜினின் அடியில் சுழலும் விசிறி. பழைய விசிறி ஒரு சுற்றுக்குப் பதினோரு அங்குலம் படகை முன்னே தள்ளும். கேப்டன் கடையில் பளபளவென்று தொங்கிய பதினேழு அங்குல விசிறியைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். அதைப் படகில் மாட்டி, தனியாளாகப் போய்ப் பார்த்தார். படகு பறந்தது.

"ஆள ஏத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் மெக்கானிக்.

"ஆள ஏத்தினா வேகம் எப்படித் தெரியும்?" என்றார் கேப்டன். அவள் பழைய விசிறியைத் துடைத்துப் பட்டறையில் மாட்டி வைத்தாள்.

மறுநாள் இருபத்திரண்டு பேரும் இரண்டு சைக்கிளும் ஏறியதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. விசிறியைச் சுற்ற முடியாமல் என்ஜின் முனகியது. படகு வலப்பக்கம் இழுக்க, கேப்டன் இரண்டு கையாலும் கைப்பிடியோடு மல்லுக்கட்டினார். என்ஜினுக்குக் கீழே, விசிறிக்கு மேலே, உள்ளங்கை அளவுகூட இல்லாத வால்தகடு ஒன்று உண்டு. இழுப்பைச் சரிசெய்யவே வைத்தது. படகு வலப்பக்கம் இழுக்கிறதா, தகட்டை இடப்பக்கம் திருப்பு என்று திருப்பினார் கேப்டன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், அது தப்பு. அன்று இழுப்பு இரண்டு மடங்காகி, படகுக்கு மிஞ்சியது பயணிகளுக்குள் இறங்கியது.

நகராட்சி சும்மா இருக்குமா? ஏழு பேர் கொண்ட குழு அமைத்தது. குழு ஒரு வருஷம் ஆராய்ந்து, படகில் குற்றமில்லை, துறைதான் இடம் தவறி இருக்கிறது என்று கண்டுபிடித்தது. துறையை வலப்பக்கம் தள்ளிக் கட்டினார்கள். படகு அதற்கும் வலப்பக்கம் போனது. மூன்று முறை கட்டினார்கள், மூன்று முறையும் திறப்பு விழா நடந்தது.

மெக்கானிக் நினைத்திருந்தால் பத்து நிமிஷத்தில் அந்தத் தகட்டைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் அவளும் லேசுப்பட்டவள் அல்ல. தகட்டைத் தொட்டால் அந்த விசிறி இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். விசிறியைக் கழற்றினால்தான் ஸ்பானரை எடுப்பேன் என்றாள். கழற்றினால் என்னைக் கழற்றிய மாதிரி என்றார் அவர். இப்படியே இரண்டு வருஷம் இருவருக்கும் இடையே சாப்பாட்டுப் பேச்சு மட்டும் நடந்தது.

அவர்கள் மகள் அக்கரையில் இடப்பக்கத் தெருவில் நாலாவது வீட்டில் இருந்தாள். முதலில் அவளே துறைக்கு வந்து அம்மாவைப் பார்த்துப் போவாள். அவள் கர்ப்பமாகி ஏழாவது மாதத்தில் டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மெக்கானிக் படகேறிப் போனாள். கால் வலப்பக்கம் போனது. மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தார். அவரும் சேர்ந்து வலப்பக்கம் போனதுதான் மிச்சம். ஒன்பதாவது மாதத்தில் ஒரு காலையில் போன் வந்தது.

"அம்மா, வலி வந்துடுச்சு. பயமா இருக்கு. நீ வந்துடுவியா?"

போனை வைத்ததும் மெக்கானிக் கொஞ்ச நேரம் அழுதாள். அவ்வளவு நாள் பிடித்த பிடிவாதத்தில் தனக்கும் பாதிப் பங்கு என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

"ஏங்க, அந்த விசிறியே இருக்கட்டும். என்ஜினைத் தூக்குங்க."

வாய்விட்டுச் சொல்லவே இரண்டு வருஷம் ஆன வாக்கியம். கேப்டன் உடனே தூக்கினார். அவள் தகட்டின் போல்ட்டைத் தளர்த்தி, வாலை வலப்பக்கம் திருப்பினாள்.

"ஏற்கெனவே வலப்பக்கம் இழுக்குது. நீயும் அதே பக்கமா திருப்புற?"

"வாலைப் படகு போற பக்கமே திருப்பினாத்தான் தண்ணி படகை மறுபக்கம் தள்ளும். பேசாம ஓட்டுங்க."

என்ஜின் பழையபடி முனகினாலும் படகு நூல் பிடித்த மாதிரி போனது. மூன்று துறைகளும் வலப்பக்கம் தள்ளி இருந்ததால் சேற்றில் போய் முட்டியது. மெக்கானிக் முழங்கால் சேற்றில் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, நாலாவது வீட்டுக்குள் போனாள். மகள் கையைப் பிடித்துக்கொண்ட இருபதாவது நிமிஷம் பேத்தி பிறந்தாள்.

சேற்றில் இறங்க நேர்ந்த ஊர்க்காரர்கள், பழைய கோணலே தேவலை என்று நகராட்சிக்கு மனு கொடுத்தார்கள். குழு மறுபடி கூடியது.

எல்லோருக்கும் இழுப்பு விட்டது, கேப்டனுக்கு மட்டும் விடவில்லை. இரண்டு வருஷம் கைப்பிடியைப் பிடித்ததில் அது எலும்பு வரை ஊறியிருந்தது. கொடியில் காயும் குழந்தைத் துணிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி தினமும் வலப்பக்கம் நடந்து போனார். பதினோராம் நாள் மெக்கானிக் துறைக்கு வந்தாள். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. பின்னால் போய் அவர் சட்டையின் வாலைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து இடுப்பில் செருகினாள். கேப்டன் இடப்பக்கம் திரும்பி நேரே பேத்தியிடம் போனார்.

அதிலிருந்து அவர் சட்டையை அப்படிச் செருகிக்கொண்டுதான் அக்கரையில் இறங்குகிறார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பேத்தி நடக்க ஆரம்பித்ததும் முதலில் பிடித்தது அந்த வாலைத்தான். எந்தப் பக்கம் இழுத்தாலும் தாத்தா மறுபக்கம் போவார் என்பதை அவள் ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டாள்.