உயிரோடு இருப்பவளின் பெயர்

"செத்துப் போனவ எப்படிங்க குழந்தையை மடியில வெச்சுக்குவா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்..."

"யாரு செத்தா? யாரைச் சொல்றீங்க சம்பந்தி?"

"உங்க பாட்டியைத்தான். இதோ, திரையில..."

"வாயைக் கழுவுங்க! அவ மடியில உக்கார வெச்சுதான் எனக்குப் பேரே..."

"நான் சொல்லலை. பதிவு சொல்லுது."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எங்களைப் பார்த்து "உஷ்" என்றாள். இஸ்ரேலில், ஹைஃபாவின் மலைச்சரிவில் இருக்கும் அந்த ஆவணக் காப்பகத்தில், பழைய பதிவேடுகளின் படச்சுருளைத் திரையில் காட்டும் கருவிக்கு முன்னால் மூன்று நாற்காலிகள். நடுவில் நான். ஒரு பக்கம் என் மாடிவீட்டுக்காரி பெய்லா, போலந்தின் பின்ஸ்க்கில் பிறந்தவள். மறுபக்கம் அவளுடைய சம்பந்தி ஜோயா, கிரேக்கத்துச் சலோனிக்காவில் பிறந்தவள். "வாங்க, உங்க கண்ணாலயே பாருங்க" என்று பெய்லா அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். ஜோயா வெறுங்கையோடு வரவில்லை, கத்தரிக்காய் அடைத்த பணியாரம் ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்திருந்தாள். அதுவே பெய்லாவுக்கு முதல் எரிச்சல்.

சண்டை குழந்தைக்காக. பெய்லாவின் மகள் நீராவுக்கும் ஜோயாவின் மகன் மொயிஸுக்கும் போன வாரம் பெண் பிறந்தது. சனிக்கிழமை யூதத் தொழுகைக் கூடத்தில் பெயர் சொல்ல வேண்டும். முதல் குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை தாய் வழிக்கு என்பது பெய்லா கட்சி. ஹிண்டே என்ற தன் அம்மாவின் பெயரை அவள் ஐம்பது வருஷமாகப் பொத்தி வைத்திருக்கிறாள். தகப்பன் வழிக்கே என்பது ஜோயா கட்சி. அதுவும் தன் பெயரையே. ஜோயாவின் பேத்தி ஜோயா.

"உயிரோட இருக்கறவ பேரையா?" என்று பெய்லா ஆஸ்பத்திரி வாசலிலேயே அலறினாள். "மரண தூதன் வாசல்ல வந்து ஜோயான்னு கூப்பிட்டா, எந்த ஜோயாவைக் கொண்டு போவான்?"

"எங்க ஊர் தூதனுக்கு வயசு வித்தியாசம் தெரியும்" என்றாள் ஜோயா. "எங்க நோனா உயிரோட இருக்கும்போதுதான் எனக்கு அவ பேரை வெச்சாங்க. மடியில வெச்சு, தலைக்கு மேல சர்க்கரை பாதாம் கொட்டினா. அது அவளுக்கு மரியாதை."

நோனா என்றால் அவர்கள் பேச்சில் பாட்டி. அந்த மடியும் அந்தப் பாதாமும் பெய்லாவைத் தூங்கவிடவில்லை. அது பொய் என்று காட்டிவிட்டால் குழந்தை ஹிண்டே ஆகிவிடும். அதற்காகத்தான் சலோனிக்காவின் பிறப்புப் பதிவுச் சுருளை வரவழைத்தாள்.

இப்போது திரையில் விரலை வைத்தாள். "படிக்கிறேன், கேளுங்க. பெண் குழந்தை, ஜோயா. தகப்பன் ஷ்லோமோ. ஷ்லோமோவோட பெத்தவங்க ஆவ்ராம், ஜோயா. போதுமா?"

"சரியாத்தானே இருக்கு? அதுல அவ செத்தான்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதணுமா? பேத்திக்கு அவ பேரு வந்துடுச்சே! அப்ப அவ போயிட்டான்னு அர்த்தம்."

"யாரு சொன்ன அர்த்தம்?"

பெய்லா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி, நான் தப்பா படிக்கிறேனா?"

நான் என்ன சொல்ல? நானும் போலந்துக்காரிதான். எங்கள் பக்கத்தில் இறந்தவர்களின் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்போம். சொந்தங்களைத் தேடிப் படிக்கும் பழைய பதிவுகளில் பேரன் பெயரும் தாத்தா பெயரும் ஒன்றாக இருந்தால், தாத்தா அதற்குள் போய்விட்டார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வோம். இறப்புப் பதிவு கிடைக்காத இடங்களில் எங்களுக்கு அதுதான் கைவிளக்கு. அந்த விளக்கை எடுத்துக்கொண்டு பெய்லா அடுத்தவர் வீட்டுக்குள் போய்விட்டாள்.

"அது நம்ம வழக்கம் பெய்லா, அவங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"நீயும் பணியாரம் தின்னுட்டியா?" என்றாள்.

ஜோயா சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பு துறைமுகச் சிரிப்பு. அவள் அப்பா சலோனிக்காவில் மூட்டை தூக்கியவர், பிறகு குடும்பத்தோடு வந்து ஹைஃபாவிலும் மூட்டை தூக்கியவர். "சம்பந்தி, ஒரே வீட்டுல ரெண்டு ஜோயா இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கு மாமியாரைத் திட்டணும்னு வந்துச்சுன்னா, வாசல்ல நின்னு என்னைத் திட்டுவா. 'ஏய் ஜோயா, சோம்பேறி! ஏய் ஜோயா, எண்ணெயெல்லாம் எங்கடி போச்சு?' எனக்கு அப்ப அஞ்சு வயசு. எனக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? உள்ளேயிருந்து நோனா கத்துவா, 'குழந்தையைத் திட்டாதே, நேரா என்னையே திட்டு!'"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெய்லா சிரிக்கவில்லை.

"கதை யாரு வேணும்னாலும் சொல்லலாம்" என்றாள். "சாட்சி?"

"சுத்துங்க. என் தம்பி அடுத்த வருஷம் பிறந்தான். இதே சுருள்ல இருப்பான்."

பெய்லா கைப்பிடியைத் தொடவில்லை. வேண்டியது கிடைத்த இடத்தில் நிறுத்திவிடுவது அவள் பழக்கம். ஜோயாவே எட்டிச் சுற்றினாள். பக்கங்கள் ஓடி, மங்கி, நின்றன. நான்தான் படித்தேன். ஆண் குழந்தை, தகப்பன் ஷ்லோமோ. தகப்பன் வேலைக்குப் போயிருந்ததால் நேரில் வந்து பிறப்பைத் தெரிவித்தவர், குழந்தையின் பாட்டி ஜோயா. கையெழுத்துக்குப் பதில் மசியில் ஒரு பெருவிரல்.

ஜோயா அந்த மசி அடையாளத்தின் மேல் தன் பெருவிரலை வைத்தாள். திரையில் அந்த இடத்து வெளிச்சம் மறைந்தது.

"நீங்க சொன்னதுதான் நிஜமா இருக்கக் கூடாதான்னு ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன் சம்பந்தி" என்றாள். "நாங்க கப்பலேறினப்போ கரையில நின்னா. நான் வரலை, இந்தக் கடலே எனக்குப் போதும்னுட்டா. பத்து வருஷம் கழிச்சு நாஜிக்காரங்க ஊரையே ரயில்ல ஏத்திச் சாவு முகாமுக்கு அனுப்பினாங்களே, அப்பவும் அவ அங்கதான் இருந்தா. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே கட்டில்ல செத்திருந்தா, வருஷா வருஷம் அவளுக்காக விளக்கேத்த எனக்கு ஒரு தேதியாவது இருந்திருக்கும்."

பெய்லா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப குழந்தை ஜோயாதான்" என்றாள்.

"கூடவே ஹிண்டேயையும் சேர்த்துக்கலாமே? ஜோயா ஹிண்டே. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"ரெண்டாவது பேரு சட்டைக்கு உள்துணி. யாரு கண்ணுலயும் படாது."

"இது பொறாமை சம்பந்தி. வேற ஒண்ணுமில்லை."

"ஆமா, பொறாமைதான்!" பெய்லாவின் குரல் உயர்ந்தது. மேசைப் பெண் இந்தத் தடவை "உஷ்" சொல்லவில்லை. "நீ ஒரு நாளாவது இந்த நாற்காலியில உக்காந்து தேடியிருக்கியா? தேடாதவளுக்கு எல்லாம் இருக்கு. பெருவிரல் இருக்கு, பாதாம் இருக்கு, உன் பாட்டியை உங்கம்மா எப்படித் திட்டினான்னு வார்த்தை வார்த்தையா இருக்கு. நான் நாலு வயசுல அம்மாவை விட்டுட்டு, சித்தப்பாவோட ஊரை விட்டுத் தப்பிச்சு ரயிலேறினவ. எத்தனை சுருள் சுத்திட்டேன், எங்க தெரு மட்டும் வரவே மாட்டேங்குது. எங்கம்மா என்னை எப்படித் திட்டுவான்னுகூட எனக்குத் தெரியாது."

'நீங்க' போய் 'நீ' வந்ததை ஜோயா கவனித்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. டப்பாவைத் திறந்து பெய்லாவின் பக்கம் தள்ளினாள்.

"அப்ப ஒண்ணு செய்யலாம். நீயும் உயிரோடதானே இருக்கே? உன் பேரையே வைப்போம், பெய்லான்னு. நான் மொயிஸ்கிட்டச் சொல்றேன். என் பேரு அடுத்த பேத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

"த்தூ, த்தூ, த்தூ!" பெய்லா தோளுக்கு மேல் மூன்று முறை துப்பினாள். "என்னைக் கொல்லப் பாக்கறியா?"

"துப்பினாலும் பெய்லா நல்ல பேருதான்."

"வேண்டாம்னா வேண்டாம். ஜோயான்னே வைங்க. நீயே உயிரோட இருந்து உன் பேரைக் கேளு."

சுருளைத் திருப்பிச் சுற்றத் தொடங்கினாள். பெருவிரல் போனது, தம்பி போனான், ஷ்லோமோவின் பெண் ஜோயா போனாள். திரை வெறும் வெள்ளையானது. ஜோயா கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நானும் எழுந்தேன். பெய்லா மட்டும் எழவில்லை. சுருளைப் பெட்டியில் வைத்தவள், மூடியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஜோயா" என்றாள், எங்களைப் பார்க்காமல். "குழந்தையைக் கூப்பிடற மாதிரி, வாசல்ல நின்னு திட்டிக் கூப்பிடற மாதிரி, ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லேன்."