எங்கள் வீட்டுத் திருடி

கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதன் கோபப்படக் கூடாது. சலூன்காரர் என் தாடையைத் தூக்கிப் பிடித்து, தொண்டைக் குழிக்குப் பக்கத்தில் கத்தியை இழுத்துக்கொண்டே, "சார், காலேஜ் டீம்ல கலக்குதே அந்தத் திருடி, அது உங்க தம்பி பொண்ணாமே?" என்றார். நான் அசையவில்லை. அசைந்தால் சேதம் எனக்குத்தான். காத்திருந்தவர்கள் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"என்ன சொன்னீங்க?"

"திருடி சார். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. என்னா கை! என்னா கை!"

நான் சிறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தச் சொல்லுக்கு உரியவர்களை மாலைதோறும் வரிசையில் நிறுத்தி, முகம் பார்த்துப் பூட்டியவன். என் அப்பா நீதிமன்றத்தில் தலைமை எழுத்தர். மருந்துக் கடை வைத்திருக்கும் என் தம்பியோ, கெடு முடிந்த இருமல் மருந்து ஒன்றைத் தவறி விற்றுவிட்டதற்காக, வாங்கியவர் வீட்டை விசாரித்துத் தேடிப் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தவன். எங்கள் குடும்பத்தை நோக்கி எவரும் விரல் நீட்டியதில்லை. பாதி மழித்த முகத்தோடு எழுந்து போக முடியாது என்பதால் மீதியும் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து நேராகக் கல்லூரி மைதானத்துக்குப் போனேன்.

கூடைப்பந்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கோச் குள்ளமான பெண்மணி, கழுத்தில் விசில். என்னோடு பேசும்போதும் கண்களை ஆட்டத்திலிருந்து எடுக்கவில்லை. போன வருடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி இது என்றும், இந்த வருடம் தோற்கவே மறந்துவிட்டது என்றும், அதற்குக் காரணம் என் தம்பி மகளின் கைகள் என்றும் சொன்னார். எதிரணிக்காரியிடமிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பதற்கு இந்த ஆட்டத்தில் ஆங்கிலத்தில் 'ஸ்டீல்', அதாவது திருட்டு, என்று பெயராம். மாணவர்கள் அதைத் தமிழாக்கிவிட்டார்கள்.

"வேற நல்ல சொல்லே கிடைக்கலையா? 'பந்து கவர்பவள்'னு கூப்பிடலாமே."

"ஐயா, அதைக் கத்தி முடிக்கறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிரும்."

பக்கத்தில் பந்தோடு நின்ற உயரமான பெண் சிரித்தாள். அவளை 'ஏணி' என்று கூப்பிடுகிறார்கள். அவளைப் பெற்றவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அந்தச் சொல் இனி ஒரு தடவை என் காதுல விழக்கூடாது. விழுந்தா ஆட்டம் அன்னிக்கோட முடிஞ்சுது." தம்பி தட்டையே பார்த்தான். அவன் மனைவி பரிமாறிய கரண்டியைச் சற்று ஓசையோடு பாத்திரத்தில் போட்டாள். பெண் மட்டும் தலையை நிமிர்த்தி, "உங்க காதுலயா பெரியப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

அரையிறுதி ஆட்டத்துக்கு நானே போனேன். சொன்னது நடக்கிறதா என்று பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. இரண்டு காதுகளிலும் கேட்புக் கருவி மாட்டியிருப்பேன். அன்று அவற்றின் ஒலியைக் கூட்டிவைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கூட்டம் 'ஏணி, ஏணி' என்று கத்தியது, விசிலடித்தது, நாற்காலிகளைத் தட்டியது. நான் காத்திருந்த சொல் வரவே இல்லை. என் தம்பி மகள் ஓடினாள், பாஸ் கொடுத்தாள், எதிரணிக்காரி கைக்கெட்டும் தூரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு போனபோது கையைத் தாழ்த்தி வழிவிட்டு நின்றாள். கோச்சின் விசில் வாயிலிருந்து நழுவித் தொங்கியது. கடைசி நிமிடத்தில் ஏணி எங்கிருந்தோ எறிந்த பந்து கூடையின் விளிம்பில் சுற்றி, தயங்கி, உள்ளே விழுந்தது. பிழைத்தார்கள்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன் மரம் மாதிரி நின்ன?"

"நான் பறிச்சாத்தானே அவங்க கத்துவாங்க? பறிக்கல, கத்தல. உங்க காதுல விழுந்துச்சா?"

"விழல."

"அவ்வளவுதான் பெரியப்பா. நான் ஆடணும். கை கட்டிக்கிட்டாவது ஆடணும்." சிறிது தூரம் நடந்தபின், "ஃபைனல்லயும் இப்படியே நின்னா பெஞ்சுல உட்கார வெச்சிருவேன்னு கோச் சொல்லிட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

இறுதி ஆட்டத்துக்கு உள்ளரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரணி மருத்துவக் கல்லூரி. கோப்பையைத் தங்கள் வீட்டுப் பாத்திரம்போல வருடா வருடம் எடுத்துப் போகிறவர்கள். முதல் வரிசையில் எனக்கு வலப்பக்கம் தம்பி. இடப்பக்கம் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த கண்ணியமான ஒரு மனிதர். ஆட்டம் தொடங்கியதும் அந்தக் கண்ணியவான் எழுந்து நின்று, "ஒட்டகச்சிவிங்கி! தூக்கும்மா! கழுத்தை நீட்டு!" என்று அலறினார். அவர்கள் அணியின் மிக உயரமான பெண் திரும்பி அவருக்குக் கை காட்டினாள்.

"என் பொண்ணு" என்றார் என்னிடம், மூச்சு வாங்க. "உங்க பொண்ணு யாரு?"

"ஏழாம் நம்பர்."

"அட! அந்தத் திரு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவளுக்குப் பயந்துதான் சார் எங்க பிள்ளைங்க ஒரு வாரமா ராத்திரியெல்லாம் பேசிப் பேசித் திட்டம் போட்டாங்க. ஆனா பாருங்க..." என்று கையை விரித்தார். "இவ்வளவுதானா?"

இவ்வளவுதானா. பணியில் இருந்த காலம் முழுவதும் எவரும் என்னையோ என்னைச் சேர்ந்தவர்களையோ பார்த்து இப்படிக் கேட்டதில்லை. களத்தில் ஒட்டகச்சிவிங்கி பந்தோடு வந்தாள், என் தம்பி மகள் ஒதுங்கி வழிவிட்டாள், பந்து கூடைக்குள் போனது. அந்த மனிதர் என் தொடையைத் தட்டி ஆறுதல் சொன்னார். எங்கள் குடும்பத்துப் பெண்ணை ஊரார் முன்னால் உதவாக்கரையாக நிறுத்தியிருந்தார்கள். யார் நிறுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

பாதி ஆட்டம் முடிந்து, பின்தங்கியே மறுபாதியும் தொடங்கிவிட்டது. கோச் டைம் அவுட் கேட்டார். இவளுக்குப் பதிலாகக் களத்தில் இறங்க இன்னொரு பெண் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன்.

"அண்ணே, எங்க போறீங்க? வேண்டாம்ணே, இங்க வெச்சு எதுவும்..." என்று தம்பி என் சட்டையைப் பிடித்தான். விடுவித்துக்கொண்டு களத்தின் ஓரக் கோடுவரை போய் நின்றேன். அவள் பார்த்தாள். முகம் வெளுத்தது.

ஒரு முறை சொன்னதை நான் மாற்றிக்கொண்டதில்லை, அன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. வலது காதுக் கருவியைக் கழற்றினேன். இடது காதினுடையதையும் கழற்றினேன். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து அவளுக்குக் காட்டினேன். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். உலகம் போர்வைக்குள் போனதுபோல அடங்கிவிட்டது. அவள் என்னையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து காலணியின் நாடாவை அவிழ்த்து, இறுக்கிக் கட்டினாள். கோச்சிடம் ஏதோ சொன்னாள். மேல்சட்டையைக் கழற்றிய பெண் அதை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அதன்பின் நான் கண்டதை எப்படிச் சொல்வது! ஓசையே இல்லாமல் ஒரு புயல். அவள் கை போவது தெரியவில்லை. பந்து இடம் மாறியிருப்பதுதான் தெரிந்தது. எதிரணிக்காரி பந்தில்லாத தரையை இரண்டு முறை தட்டிவிட்டுத் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அரங்கத்தின் அத்தனை வாய்களும் ஒரே மாதிரி விரிந்து மூடின. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? செருப்பு வழியாகத் தரை அதிர்வது மட்டும் கால்களில் ஏறியது. அது முழங்கால்வரை வந்து, நெஞ்சுக்கும் வந்தது. என் இடத்துக்குத் திரும்பியும் நான் உட்காரவில்லை. தம்பி என் தோளில் ஏறாத குறையாகக் குதித்துக்கொண்டிருந்தான். கழுத்துப்பட்டைக்காரரின் பட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது.

கடைசியில் ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஏணி எறிந்தது விளிம்பில் பட்டுத் திரும்ப, ஒட்டகச்சிவிங்கி அதை எல்லாருடைய கைகளுக்கும் மேலே பிடித்துக்கொண்டாள். அங்கேயே வைத்திருந்தால் யாராலும் தொட்டிருக்க முடியாது. ஆனால் களைத்துப்போனவள், மூச்சு விட ஒரு கணம் பந்தை நெஞ்சுக்கு இறக்கினாள். அவ்வளவுதான். இறங்கிய இடத்தில் எங்கள் கை இருந்தது! எங்கள் பெண் பந்தோடு திரும்பினாள், பாய்ந்தாள், எகிறினாள், கூடையின் வலை மேல்நோக்கி ஒரு முறை துள்ளியது. நேரம் முடிந்ததென்று விளக்குப் பலகை சிவப்பாக எரிந்தது. பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் களத்துக்குள் கொட்டினார்கள். கோச் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கழுத்துப்பட்டைக்காரர் சற்று நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

யாரும் கவனிக்காத பந்து உருண்டு வந்து என் காலணியில் முட்டி நின்றது. எடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக, வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல், இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றேன்.

அவள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாள் என்று தெரியாது. என் கைகளுக்கு நடுவே ஒரு காற்று. அவள் பந்தோடு கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்; திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். என் வாய் திறந்து ஏதோ சொன்னது. பலமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் தம்பி சட்டென்று என் பக்கம் திரும்பிக் கண்களை அகல விரித்தான். என் காதில் எதுவும் விழவில்லை. கைகள் மட்டும், பந்து இருந்த வடிவத்திலேயே, வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.